பெட்டியடிப் பையன் முதல் எச்.ஆர். வரை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காகவும் வெளியூரிலிருந்து செய்தி மடலைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்காகவும் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.)



'மனிதவள மேலாண்மை மாறி வரும் விதம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். அந்த மேலாண்மையைச் செய்த பக்கத்தில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அதை வாங்கிக்கொண்ட பக்கத்தில்தான் இருந்தேன். மருந்து எழுதிக் கொடுப்பவரைவிடக் குடித்தவனுக்குத்தான் கசப்புத் தெரியும் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சங்கத்தின் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பை இந்த வருஷம் எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதில் நான் பார்த்த ஒரு விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அது இந்தத் தலைப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

முதலில் நம் ஊர்க் கதை. ஆட்களை எடுப்பது, பழக்குவது, சம்பளம் பேசுவது, கணக்குக் கேட்பது, மரியாதையாக அனுப்பி வைப்பது எல்லாம் வெளிநாட்டுக் கல்லூரிகளில் கண்டுபிடித்து நமக்கு இறக்குமதியான சங்கதிகள் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் தினமும் நடந்து போகும் இந்தத் தெருக்களில் உள்ள வீடுகளைக் கட்டிய பணம் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கடல் தாண்டி, பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்து வந்த பணம் அது. முதலாளி இங்கே கானாடுகாத்தானில் இருப்பார். கடை ரங்கூனிலோ பினாங்கிலோ இருக்கும். நடுவில் கடல். போனும் கிடையாது, கேமராவும் கிடையாது. அங்கே லட்சக்கணக்கான ரூபாயைப் புழங்குகிறவர் சம்பளத்துக்குப் போன ஒரு மேலாள். 1930இல் வெளிவந்த பர்மா வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, அந்த நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது. அவற்றின் கடன் கொடுக்கல் சுமார் 75 கோடி ரூபாய். இன்றைய 75 கோடி அல்ல, அன்றைய 75 கோடி. இவ்வளவு பணத்தைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் சம்பள ஆட்களை நம்பி விட்டு வைத்தார்கள் என்றால், ஆளை நிர்வகிக்கும் முறை ஒன்று அவர்களிடம் இருந்திருக்கத்தானே வேண்டும்?

அந்த முறை இப்படி. சின்ன வயதிலேயே பையன் கடையில் சேருவான். அவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பான், எடுபிடி வேலை செய்வான், மனக்கணக்குப் போடுவான், பெரியவர்கள் பேசுவதைக் கேட்பான். அடுத்த படி அடுத்தாள். சிட்டை எழுதுவது, பேரேடு எழுதுவது, வசூலுக்குப் போவது அவர் வேலை. அதில் தேறியவர் மேலாள் ஆவார். முதலாளியின் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்குக் கிடைக்கும். மேலாளாக இருந்து சேர்த்த பணத்தில் சிலர் சொந்தமாகக் கடை வைத்து முதலாளி ஆனதும் உண்டு. இன்றைக்கு 'கேரியர் பாத்' என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டுகிறார்களே, அதேதான்.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். இன்னார், இன்ன ஊர்க் கடைக்கு, இத்தனை வருஷத்துக்கு, இவ்வளவு சம்பளம் என்று அதில் இருக்கும். பெரும்பாலும் மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே முன்பணமாகக் கொடுத்துவிடுவார்கள். போகிறவரின் குடும்பம் இங்கே கையை ஏந்தக் கூடாது என்பதற்காக. அங்கே சாப்பாடும் தங்குமிடமும் கடைச் செலவு. லாபம் வந்தால் அதில் ஒரு பங்கும் கிடைக்கும். அங்கிருந்து கணக்கு ஒழுங்காக முதலாளிக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். தவணை முடியும் சமயத்தில் புதிய மேலாள் போய்ச் சேருவார். பழையவரும் புதியவரும் சில காலம் சேர்ந்து இருந்து, யார் யாரிடம் எவ்வளவு பாக்கி, யார் நம்பகமானவர், எந்த நிலத்துக்கு என்ன வில்லங்கம் என்று கைமாற்றிக் கொடுத்த பிறகே பழையவர் ஊர் திரும்புவார். வங்கியில் நான் பார்த்த பல 'சார்ஜ் ஒப்படைப்பு' அரை மணி நேரத்தில் சாவிக்கொத்தோடு முடிந்தது. அந்த வகையில் நம் முன்னோர்கள் நம்மைவிட நிதானமானவர்கள்.

இதைச் சொல்லி, பழைய காலம் பொற்காலம் என்று முடிக்க எனக்கு விருப்பமில்லை. அதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். மூன்று வருஷம் மனைவி மக்களைப் பிரிந்து இருந்தார்கள். பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் போகும். அப்பா வந்து பார்க்கும்போது பிள்ளை ஓடி விளையாடும். நம்பிக்கை என்பது சாதிக்குள்ளும் உறவுக்குள்ளும் சுற்றியே இருந்தது. வெளியாட்களுக்கு மேலாள் படி எட்டாதது. பெண்களுக்கு அந்தப் படிக்கட்டே கிடையாது. இங்கே இத்தனை பெரிய வீட்டை, வரவு செலவை, விசேஷங்களை, வேலைக்காரர்களை நிர்வகித்தவர்கள் அவர்கள்தான் என்றாலும். கடையில் சின்ன ஆட்கள் பட்ட பாட்டை அறிய வேண்டுமானால் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலைப் படியுங்கள். சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர் அவர். அனுபவத்தில் கண்டதை எழுதினார்.

அந்த உலகம் முடிந்த கதை உங்களுக்குத் தெரியும். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பவில்லை; நிலங்கள்தான் கைக்கு வந்தன. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942இல் கால்நடையாகவே எத்தனையோ பேர் திரும்பி வந்தார்கள், வழியில் இறந்தவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கடைகளில் பழகிய வங்கித் தொழில் இங்கே வேறு உருவம் எடுத்தது. 1907இல் தொடங்கிய இந்தியன் வங்கியை உருவாக்கியவர்களில் நம் ஊர் ராமசாமி செட்டியாரும் ஒருவர். 1937 பிப்ரவரி 10ஆம் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது இந்த இரண்டும் அதில் இருந்தன.

கிட்டங்கியில் பாயில் உட்கார்ந்து வேலை பார்த்த இடத்தில், நாற்காலி மேசை வந்தது. முதலாளி போய் 'மேனேஜ்மென்ட்' வந்தது. முகம் தெரிந்தவரைச் சேர்ப்பது போய், தேர்வு வந்தது. இங்கேதான் பெரிய மாற்றம் தொடங்குகிறது.

ஆலைகளில் அது முன்னமே தொடங்கிவிட்டது. முன்பெல்லாம் ஆலைக்கு ஆள் சேர்த்தவர் மேஸ்திரி. அவர் கையில்தான் வேலை, லீவு, சில சமயம் சம்பளத்தில் ஒரு பங்கு கூட. தொழிலாளியின் குறையைக் கேட்க ஆளில்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கத்து பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் அதை அமைத்தார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். 1931இல் விட்லி கமிஷன் அறிக்கை, ஆள் எடுப்பதை மேஸ்திரிகளிடம் விடாமல் அதற்கென்று அதிகாரிகளை நியமிக்கச் சொன்னது. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அதிகாரி இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஆக்கியது. ஆகவே நம் நாட்டில் எச்.ஆர். என்பதன் தாத்தா, தொழிலாளியின் குறையைக் கேட்கச் சட்டம் போட்டு உட்கார வைத்த நல அதிகாரி. இந்தப் பிறப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் 1980களின் தொடக்கத்தில் தேர்வு எழுதி வங்கியில் சேர்ந்தேன். அப்போது எச்.ஆர். என்ற சொல்லே எங்கள் காதில் விழுந்ததில்லை. 'பர்சனல் டிபார்ட்மென்ட்' என்றுதான் பெயர். அங்கிருந்து வரும் பழுப்பு நிற உறையைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். டிரான்ஸ்ஃபராக இருக்கும், அல்லது விளக்கம் கேட்டு மெமோவாக இருக்கும். நல்ல செய்தி வந்ததாக நினைவில்லை. சம்பளத்தைப் பற்றித் தனியாக யாரும் பேச வேண்டியதில்லை. சாஸ்திரி தீர்ப்பு, தேசாய் தீர்ப்பு என்று தொடங்கி, 1966இல் வந்த முதல் இருதரப்பு ஒப்பந்தத்திலிருந்து நாடு முழுவதும் வங்கி ஊழியர் சங்கங்களும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசி முடித்ததுதான் எங்கள் சம்பளச் சீட்டு. தனி ஆள் பேரம் இல்லை. காரைக்குடியில் இருக்கும் கிளார்க்குக்கும் கல்கத்தாவில் இருக்கும் கிளார்க்குக்கும் ஒரே அடிப்படைச் சம்பளம்.

வட்டார அலுவலகத்தில் ஊழியர் கோப்புகளைப் பார்க்கும் மூத்த கிளார்க் ஒருவர் இருந்தார். யாருடைய மகளுக்குக் கல்யாணம், யாருடைய தாயார் படுக்கையில், யாருக்கு எந்த ஊருக்கு மாற்றல் வேண்டும் என்று கோப்பைத் திறக்காமலே சொல்லுவார். அதனால் பலருக்கு நன்மை நடந்தது. அதே சமயம், அவருக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்றும் இருந்தது. சிபாரிசு இருந்தால் பக்கத்து ஊர், இல்லாவிட்டால் பஸ் போகாத ஊர். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டுகளில்தான் இன்னொரு எண்ணம் நாட்டில் பரவிக்கொண்டிருந்தது. 1975 வாக்கில் எல் அண்டு டி நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லப் போன உதய் பாரீக், டி.வி. ராவ் என்ற இரண்டு பேராசிரியர்கள், ஊழியரைக் கட்டுப்படுத்துவது மட்டும் போதாது, வளர்க்க வேண்டும் என்று சொல்லி அதற்குத் தனித் துறை அமைக்க யோசனை கொடுத்தார்கள். 'ஹெச்.ஆர்.டி.' என்ற சொல் அதிலிருந்து பரவியது. ஸ்டேட் வங்கியும் பின்பற்றியது. 1985இல் மத்திய அரசு தன் கல்வி அமைச்சகத்துக்கே மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்று பெயர் வைத்தது. 2020இல் அது மறுபடியும் கல்வி அமைச்சகம் ஆகிவிட்டது. எங்கள் வங்கியிலும் கதவில் இருந்த பலகை மாறியது. உறை மட்டும் கொஞ்ச நாள் அதே பழுப்பு நிறத்தில் வந்துகொண்டிருந்தது.

காமர்ஸ் படித்தவன் என்பதால் ஒரு விஷயத்தை இடையில் சொல்கிறேன். ஐந்தொகையில் கட்டடம் இருக்கும், நாற்காலி இருக்கும், தேய்மானம் கழித்த மின்விசிறிகூட இருக்கும். அவற்றைவிட மதிப்புள்ள ஆட்கள் மட்டும் சொத்துப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். செலவுப் பக்கத்தில் சம்பளமாகத்தான் வருவார்கள். இந்தக் குறையைச் சரிசெய்யப் பார்த்த நிறுவனங்களில் இந்தியாவில் முன்னோடி, திருச்சியில் பெரிய ஆலை வைத்திருக்கும் பெல். 1970களிலேயே ஊழியர்கள் வருங்காலத்தில் ஈட்டித்தரக்கூடிய மதிப்பைக் கணக்கிட்டுத் தன் ஆண்டறிக்கையோடு வெளியிட்டது. பிறகு இன்ஃபோசிசும் செய்தது. அதைக் கணக்கிடும் முறையில் ஆயிரம் கேள்வி கேட்கலாம். ஆனால் ஆளைச் செலவாக மட்டும் எழுதினால், எப்போதும் அவரைக் குறைக்கத்தான் கை போகும் என்பதை அந்த முயற்சி நினைவுபடுத்தியது.

அப்படித்தான் ஆயிற்று. கம்ப்யூட்டர் வந்தது. 1983இலும் 1987இலும் 1993இலும் அதற்காகத் தனித்தனி ஒப்பந்தங்கள் போட்டார்கள். வேலை போய்விடும் என்று நாங்கள் கோஷம் போட்டோம். நானும் போட்டவன்தான். கூட்டல் பிழை தேடி ராத்திரி ஒன்பது மணிவரை உட்கார்ந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் விடுதலை கொடுத்தது என்பதை இப்போது மறுக்க முடியாது. ஆனால் பயமும் பொய்யில்லை. 2000-2001இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஒரே வருஷத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள். எங்கள் கிளையிலிருந்தும் போனார்கள். போனவர்கள் வயதானவர்கள் மட்டுமல்ல. திறமைசாலிகள், எங்கே போனாலும் பிழைப்போம் என்ற தைரியம் உள்ளவர்களும் போனார்கள். அவர்களோடு வாடிக்கையாளரின் முகம், கையெழுத்து, குணம் தெரிந்த அறிவும் போயிற்று. மேலாள் ஊர் திரும்பும் முன் கைமாற்றிக் கொடுத்ததைப் போல அவர்களிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை. பிறகு பத்து வருஷம் கழித்து, 2010இல் கண்டேல்வால் குழு என்ற ஒன்று, பொதுத்துறை வங்கிகளில் அனுபவசாலிகள் கூட்டம் கூட்டமாக ஓய்வு பெறப்போகிறார்கள், அடுத்த வரிசையைத் தயார் செய்யுங்கள் என்று எச்சரித்தது.

எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். என் பணியின் கடைசிப் பகுதியில் லீவு, சம்பளம், மாற்றல் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. என் தாயார் மருத்துவமனையில் இருந்தபோது லீவுக்கு விண்ணப்பித்தேன். 'நிராகரிக்கப்பட்டது' என்று வந்தது. கணக்கில் லீவு இருக்கிறது, எனக்குத் தெரியும். மேலாளரிடம் போனேன். 'சிஸ்டம் எடுத்துக்கொள்ளவில்லை, நான் என்ன செய்ய' என்றார். அவர்மேல் தப்பில்லை. வட்டார அலுவலகத்துக்குப் போன் செய்தேன். டிக்கெட் போடச் சொன்னார்கள். டிக்கெட் போட்டேன். எண் வந்தது. பதினோரு நாள் கழித்து, பழைய பதிவில் ஒரு தேதி தவறாக ஏறியிருந்தது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். அதற்குள் தாயார் வீடு திரும்பிவிட்டார். நான் மேலாளரின் வாய்வார்த்தையை நம்பித்தான் போய் வந்தேன். அந்தப் பதினோரு நாளும் என்னை வருத்தியது லீவு கிடைக்காதது அல்ல. 'ஏன்?' என்று கேட்க ஒரு முகம் இல்லாததுதான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் சீனியாரிட்டிப் பட்டியல் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. மாற்றலுக்கு யாரையும் போய்ப் பார்த்துக் கும்பிட வேண்டியதில்லை. வட்டார அலுவலகத்து மூத்த கிளார்க்கின் மனம் கோணுமோ என்ற பயம் போயிற்று. பழைய முறையில் முகம் இருந்தது, நியாயம் சில சமயம் இல்லை. புதிய முறையில் விதி இருக்கிறது, முகம் இல்லை. இரண்டும் சேர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இப்போது நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் உலகம் இன்னும் ஒரு படி தள்ளிப் போய்விட்டது. விண்ணப்பத்தை முதலில் படிப்பதே இயந்திரம். அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க ஒரு கம்ப்யூட்டர் முறையைத் தயாரித்தது. பழைய பத்து வருஷ விண்ணப்பங்களைக் காட்டி அதைப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே அது பெண்களின் விண்ணப்பத்துக்கு மதிப்பெண் குறைக்கப் பழகிவிட்டது. அந்த முறையையே கைவிட்டார்கள் என்று 2018இல் செய்தி வந்தது. பெட்டியடிப் பையன் பெரியவர்களைப் பார்த்துப் பழகியது போலத்தான் இயந்திரமும் பழகுகிறது; நம்மிடம் உள்ள நல்லதையும் எடுத்துக்கொள்ளும், கெட்டதையும் எடுத்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டத்தில், ஆள் எடுக்கப் பயன்படும் இத்தகைய முறைகளை ஆபத்து அதிகமான வகையில் சேர்த்து, மனிதக் கண்காணிப்பு வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் பையனுக்கு மேலாளும் இல்லை, மேனேஜரும் இல்லை. போனில் உள்ள செயலிதான் வேலை கொடுக்கிறது, அதுவே நிறுத்துகிறது. அவர்களுக்காக நல வாரியம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2023இல் அறிவித்து அமைத்தது. ஜவுளிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்த பெண்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. உட்காருவதற்குக்கூடச் சட்டம் வேண்டியிருந்தது என்றால், கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், வேலைக்கு வைப்பவர் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் கப்பலேறிய அடுத்தாளிடம் இருந்த சம்பளச் சீட்டு, இப்போதுதான் சட்டமாகத் திரும்பி வருகிறது. ஆனால் அதுவும் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். சட்டத்தின் எண்ணிக்கைக்குக் கீழே இருக்கிற முதலாளி ஒருவர் இருக்கிறார். அவர் வேறு யாருமில்லை, நாம்தான்.

நம் சங்கத்தில் இரவுக் காவலுக்கு இரண்டு பேர், தெரு கூட்ட ஒரு அம்மா, மோட்டார் போட ஒருவர் என்று நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். நம் ஊர் மற்ற ஊர் மாதிரி இல்லை. ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீண்ட வீடுகள். அவற்றில் பல, வருஷத்தில் சில நாள் விசேஷத்துக்குத்தான் திறக்கின்றன. மற்ற நாளெல்லாம் பர்மாத் தேக்குக் கதவையும் தூணையும் காப்பவர் அந்தக் காவல்காரர்தான். வெளியூரில் இருந்து இதைப் படிக்கும் உங்களில் பலருடைய வீட்டுச் சாவி இருக்குமிடம் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ரங்கூன் கடையை மேலாளிடம் விட்டுவிட்டு முதலாளி இங்கே இருந்தார். இப்போது ஊர் வீட்டைக் காவலரிடம் விட்டுவிட்டு நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். தூரம் அதேதான், நம்பிக்கையும் அதேதான். சீட்டு மட்டும் இல்லை.

கணக்கைப் பார்த்தேன். இந்த நான்கு பேரின் சம்பளம் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? 'இதரச் செலவுகள்'. விளக்குமாறு, பினாயில், கூட்டத்துக்கு வாங்கிய காபி, அதோடு இவர்களும். எழுதிய பொருளாளரைக் குறை சொல்லவில்லை. போன வருஷ நோட்டைப் பார்த்து அவர் எழுதினார். அதற்கு முந்தைய வருஷம் எழுதியவர்களில் நானும் ஒருவன். முப்பது வருஷம் பேரேடு எழுதியவன், மனிதரை இதரத்தில் எழுதியிருக்கிறேன். அதை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் இரவுக் காவலர் ஒருவர் தன் பேத்தியின் காதுகுத்துக்கு இரண்டு நாள் லீவு வேண்டும் என்று என்னிடம் வந்தார். 'செயலாளரைக் கேளுங்கள்' என்றேன். செயலாளர் வெளியூரில் இருந்தார். தலைவரைக் கேட்கச் சொன்னார். தலைவர் பொருளாளரைச் சொன்னார். அவர் மறுபடி என்னிடம் வந்து நின்றார். வெயிலில் அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்கு என்னுடைய பதினோரு நாள் ஞாபகம் வந்தது. எந்த இயந்திரமும் இல்லாமலே நாம் அதே வேலையைச் செய்துவிட்டோம். எனக்கு முகம் இல்லாத இயந்திரம். அவருக்கு நான்கு முகம் இருந்தும் பதில் இல்லை.

இந்தச் சிரமமே வேண்டாம், எல்லாரையும் ஏஜென்சி மூலம் வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. அதில் வசதி உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒருவர் வராவிட்டால் மாற்று ஆள் வருவார். பெரிய ஏஜென்சியாக இருந்தால் பி.எப். பிடிக்கவும் கடமை உண்டு. அது நம்மால் முடியாத உதவி. ஆனால் நாம் கொடுக்கும் தொகையில் எவ்வளவு அவர் கைக்குப் போகிறது என்று கேட்காவிட்டால், பழைய மேஸ்திரியை நாமே கூப்பிட்டு வாசலில் உட்கார வைத்தது போல் ஆகும். பதினைந்து வருஷமாக நம் தெருவைத் தெரிந்தவரை அனுப்பிவிட்டு, மாதத்துக்கு ஒரு புதிய ஆளை வைத்தால், விருப்ப ஓய்வில் வங்கி இழந்ததை நாமும் இழப்போம். எந்த வீட்டு நாய் எப்போது குரைக்கும் என்பது எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது.

ஆகவே முடிவு எடுக்கும் முன் ஆறு காரியங்களைச் செய்யும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, நான்கு பேருக்கும் தமிழில் ஒரு பக்கத்தில் சம்பளச் சீட்டு. என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம், எந்தத் தேதியில், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்ன, லீவு எத்தனை நாள் என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து. அவர்களிடம் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

இரண்டு, அவர்கள் கேட்டால் பதில் சொல்ல ஒரே ஒரு நிர்வாகி. அவர் வெளியூர் போனால் அவருக்குப் பதில் யார் என்பதும் சீட்டிலேயே இருக்கட்டும்.

மூன்று, வாரம் ஒருநாள் ஓய்வு. அந்த நாளுக்கு மாற்று ஆளுக்கான சம்பளத்தையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும். சந்தாவில் கொஞ்சம் கூடும். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான்கு, காவல் இருக்கும் இடத்தில் நாற்காலி, மின்விசிறி, குடிதண்ணீர், கழிப்பறைக்கு வழி. கூட்டும் அம்மாவுக்கும் இது பொருந்தும். இப்போது அவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தயங்குகிறார்.

ஐந்து, மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் அவரவர் தொழிலுக்குரிய தமிழ்நாடு அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்திலும் நால்வரையும் பதிவு செய்ய உதவ வேண்டும். படிவம் நிரப்புகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். அது எனக்குக் கைவந்த கலை. உங்கள் வீடுகளில் வேலை செய்பவர்களையும் அனுப்புங்கள். வீட்டுப் பணியாளர்களுக்கும் தனி வாரியம் இருக்கிறது.

ஆறு, கணக்கில் 'பணியாளர் சம்பளம்' என்று தனித் தலைப்பு. இதை இந்தக் காலாண்டிலிருந்தே மாற்றி எழுதிவிட்டேன். பொருளாளரின் சம்மதத்தோடுதான்.

இவற்றைச் செய்த பிறகும் ஏஜென்சிதான் நல்லது என்று பெரும்பான்மையோர் நினைத்தால், அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். இப்போது இருப்பவர்களையே எடுத்துக்கொள்ள வேண்டும், மாதாமாதம் சம்பள ரசீதின் நகலைச் சங்கத்துக்குக் காட்ட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனையை மட்டும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்வேன்.

மனிதவள மேலாண்மை எப்படி மாறுகிறது என்று கேட்டீர்கள். பெட்டியடி, மேஸ்திரி, நல அதிகாரி, பர்சனல், ஹெச்.ஆர்.டி., சாஃப்ட்வேர் என்று பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நாளைக்கு வேறு ஏதாவது பெயர் வரும். வேலை செய்பவர் கேட்பது மட்டும் மாறவில்லை. பேசியதை எழுத்தில் கொடு, சொன்ன தேதியில் சம்பளம் கொடு, ஏன் என்று கேட்டால் பதில் சொல். அவ்வளவுதான்.

காதுகுத்துக்கு என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டீர்கள். லீவு கொடுத்தோம். அந்த இரண்டு இரவும் உறுப்பினர்கள் இருவரோடு நானும் முறை வைத்துக் காவல் இருந்தேன். இரவு இரண்டு மணிக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் முதுகு என்ன சொல்லும் என்று தெரிந்துகொண்டேன். நாலாவது கோரிக்கையில் நாற்காலி முதலில் வந்ததற்கு அதுதான் காரணம்.

அடுத்த கூட்டத்தில் இது வாக்கெடுப்புக்கு வருகிறது. வர முடிந்தவர்கள் வாருங்கள். வெளியூரில் இருப்பவர்கள் உங்கள் கருத்தைச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள்.